விசுவாசமும் விஞ்ஞானமும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த மாவட்டத்தில் கிறிஸ்தவர் விசுவாசம் என்பார், இந்து பக்தி என்பார், முஸ்லிம் ஈமான் என்பார். வேண்டுதலைக் குறிக்கும் நேர்ச்சை என்ற சொல் மட்டும் மூவருக்கும் பொது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையச் சரிபாதி. எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல். குருசடி என்னும் சிலுவை மேடைக்கும் இசக்கியம்மன் கோவிலுக்கும் நடுவில் உள்ள வீட்டில் ஒரு நர்சோ இஸ்ரோ ஊழியரோ குடியிருப்பது சாதாரணம். ஆலயப் பங்கிலும் கோவில் கொடைக் கமிட்டியிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

கடவுளை நம்புகிறவர் அறிவியலையும் ஏற்க முடியுமா?

முடியும். எத்தனையோ பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஆனால் "முடியும்" என்று சொல்லி நிறுத்திவிட்டால் கேட்டவருக்கு ஒரு பயனும் இல்லை. நம்பிக்கை என்று நாம் சொல்வதற்குள் பல பொருள்கள் கிடக்கின்றன: வழிபாடு, வாழும் நெறி, சாவைத் தாங்கும் தெம்பு, ஊரோடு கூடியிருப்பது. இவற்றை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது, நிறுக்கத் தேவையும் இல்லை. இவற்றோடு உலகத்தைப் பற்றிய சில கூற்றுகளும் சேர்ந்து வருகின்றன. "இந்த மந்திரம் பாம்பு விஷத்தை இறக்கும்", "இந்த நேரத்தில் பிறந்தால் பிள்ளை நன்றாக இருக்கும்", "உலகம் ஆறே நாளில் உண்டானது" என்பவை அந்த வகை. சண்டை வருவதெல்லாம் இங்கேதான். அளக்கக்கூடிய கூற்றை அளந்தே தீர்மானிக்க விட்டுவிட வேண்டும் என்பதே எங்கள் நிலை. அப்படி விட்டவர் வழிபாட்டில் எதையும் இழப்பதில்லை.

அறிஞர் இயான் பார்பர் இந்த உறவை மோதல், தனித்தனி, உரையாடல், ஒருங்கிணைப்பு என்று நான்காக வகுத்தார். உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1997-ல் "இரண்டும் வேறுவேறு எல்லை, ஒன்றில் மற்றது தலையிட வேண்டாம்" என்று வாதாடினார். கேட்க இதமான வாதம், நடைமுறையில் நிற்பதில்லை. மதம் உடம்பையும் உணவையும் நோயையும் நாளையும் பற்றிப் பேசிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் எல்லையை ஒரே கோடாகப் போட முடியாது. கூற்றுக்குக் கூற்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு கூற்றை எப்படிப் பார்ப்பது?

நான்கு கேள்வி போதும். எது நடந்தால் இந்தக் கூற்று தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? பலித்ததை எண்ணியதுபோல் பலிக்காததையும் எண்ணினீர்களா? இதைச் செய்யாதவர்களுக்கு என்ன நடந்தது? தவறாகப் போனால் நஷ்டம் யாருக்கு? முதல் கேள்விக்குப் பதிலே இல்லை என்றால் அது அளக்கும் கூற்று அல்ல. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனம். நான்காம் கேள்விக்கு "நோயாளிக்கு", "குழந்தைக்கு" என்று பதில் வந்தால், மற்ற மூன்றையும் விடாமல் கேட்க வேண்டும்.

நாகராஜா கோவில் உள்ள ஊரில் பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரி ஓடுவது நாகருக்கு அவமரியாதையா?

இல்லை. நாகரை வணங்குவது ஒன்று, ரத்தத்தில் ஏறிய விஷத்தை முறிப்பது வேறொன்று.

விஷம் இறக்குபவர்களிடம் போனவர் பிழைத்தது எப்படி என்று கேட்பார்கள். நம் விளைகளில், அதாவது தோப்புகளில், கடிக்கும் பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷத்தைச் செலுத்தாமல் பல்லை மட்டும் பதிக்கும். இப்படிப்பட்டவர்கள் மந்திரித்தாலும் பிழைப்பார்கள், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். விஷம் ஏறியவர் மந்திரித்தும் இறந்தால் "காலம் கடந்து கொண்டுவந்தீர்கள்" என்ற பேச்சு வரும். மேலே சொன்ன இரண்டாம் கேள்வியை, பலிக்காததை எண்ணினீர்களா என்பதை, இங்கே யாரும் கேட்பதில்லை.

செய்ய வேண்டியது: கடிபட்டவரை நடக்கவிடாமல் உட்கார வையுங்கள். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றுங்கள். வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. எலும்பு முறிந்ததற்குக் கட்டுவதுபோல் கம்போ அட்டையோ வைத்து அந்தக் கை காலை அசையாமல் செய்யுங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள்: கீழே ரத்தம் போகாமல் தசை அழுகும், அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்து முதலில் 8 முதல் 10 குப்பி வரை ஏற்றுவது வழக்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் அது ஒரே மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தைப் பல ஆண்டுகளாக எடுத்துக்கொடுப்பது சென்னை அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம். பரம்பரை அறிவு மருந்தாக மாறும் சரியான வழி இது.

கட்டுவிரியனிடம் தனிக் கவனம் வேண்டும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலிக்காது, பல் தடம்கூடத் தெரியாது. காலையில் வயிற்றுவலி, இமை தொங்கல் என்று வரும்போது "காற்று அடித்துவிட்டது" என்று ஓதப் போய் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

கோவில் பிரசாதமான மண்ணை நெற்றியில் இடுங்கள். காயத்தில் மட்டும் வைக்காதீர்கள். தனுர்வாதக் கிருமியின் வித்து எந்த மண்ணிலும் இருக்கக்கூடியது.

ஜெபக்கூட்டத்தில் குணமானதாக உணர்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. மருந்து தொடங்கிய சில வாரத்திலேயே காய்ச்சல் விடும், பசி எடுக்கும், எடை கூடும். குணமாகிவிட்டேன் என்ற சாட்சி வருவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். உடம்பில் மிச்சமிருக்கும் கிருமி மெதுவாக வளரும் ரகம். நிறுத்தினால் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிரே போகலாம். சிறுவயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் ரத்தம் அமிலமாகி மயக்கம் வரும். ரத்தக்கொதிப்பு ஏறினாலும் தெரியாது, இறங்கினாலும் தெரியாது. "நன்றாக உணர்கிறேன்" என்பதற்கு அங்கே பொருளே இல்லை.

குணமானதாக நம்பினால் அதைச் சோதனையில் காட்டுங்கள். சளிப் பரிசோதனை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், எதுவானாலும் சரி. மருத்துவர் அளவைக் குறைக்கட்டும். இறைவன் குணமாக்கினார் என்றால் அந்தக் குணம் சோதனைச் சாலையிலும் தெரியும்தானே?

போதகர்களுக்கும் உபதேசியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். "மருந்தைத் தொடருங்கள், ஜெபத்தையும் தொடருங்கள்" என்ற ஒரு வரியை மேடையிலேயே சொல்லுங்கள். அது பல உயிர்களைக் காக்கும். புற்றுநோய், சர்க்கரை, வலிப்பு போன்றவற்றை மந்திரத்தாலோ தாயத்தாலோ குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் சட்டம் தடை செய்கிறது.

ஜெபத்துக்குப் பலன் உண்டா என்று யாராவது சோதித்திருக்கிறார்களா?

சோதித்தார்கள். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஜெபிக்கப்படுகிறதா இல்லையா என்று தெரியாமல் ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது. தெரியாமல், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம். ஜெபிக்கப்படுகிறது என்று தெரிந்தவர்களில் 59 சதவீதம். முன்பின் தெரியாதவர் செய்யும் ஜெபம் சிக்கலைக் குறைக்கவில்லை என்பதே முடிவு. ஜெபம் என்பது வேளைக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுக்கும் பண்டமா என்று விசுவாசிகள் திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்டவர், ஜெபத்தை மருந்துக்கு மாற்றாகவும் சொல்ல முடியாது.

புனித தேவசகாயத்தின் புதுமையை மருத்துவர்களே ஒப்புக்கொண்டார்களே?

நட்டாலத்தில் 1712-ல் பிறந்து 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன் ஒரு புதுமை, அதாவது அற்புதம், ஆராயப்பட்டது: கருவில் இதயத்துடிப்பு நின்றதாகக் கண்டறியப்பட்ட குழந்தை பிழைத்தது என்பது அது. இத்தகைய ஆய்வில் இரண்டு தனிப் படிகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மருத்துவக் குழு முதலில் பார்க்கும். நோய் கடுமையானதா, சரியாகக் கண்டறியப்பட்டதா, குணம் திடீரென, முழுமையாக, நிலையாக வந்ததா, கொடுத்த சிகிச்சையால் வந்திருக்குமா என்று ஆராய்ந்து, "இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியவில்லை" என்பதோடு அது நிற்கும். அது இறைவனின் செயல், இன்னாருடைய பரிந்துரையால் நடந்தது என்று சொல்வது இறையியலாளர்களும் திருத்தந்தையும்.

விளக்க முடியவில்லை என்பதும் நிரூபித்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைத் திருச்சபையே காக்கிறது. பிரான்சின் லூர்து நகரில் குணம் பெற்றதாக 7,000-க்கும் மேற்பட்டவர்கள் முறையிட்டிருக்கிறார்கள்; அங்கீகாரம் கிடைத்தவை 70-ஐ ஒட்டித்தான். சிலையில் தண்ணீர் வடிந்ததும் வாட்ஸ்அப்பில் புதுமை என்று அனுப்புவோர் இந்தப் பொறுமையில் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். சுவரோரக் குழாயும் நுண்துளைக் கல்லும் இருந்தாலே நீர் ஏறி வடியும்.

பேய் பிடித்தவரைக் கோவிலிலோ தர்காவிலோ விட்டுவைக்கலாமா?

வழிபாட்டுக்கு அழைத்துப் போகலாம். கட்டி வைக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. பிரசவித்த சில நாளில் பெண் தூங்காமல் பிதற்றுவது, காய்ச்சலோடு குழம்புவது, வலிப்புக்குப் பின் ஆவேசம் கொள்வது ஆகிய மூன்றும் அவசர நோய்கள்; அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றவற்றுக்கு இலவச மனநல எண் 14416, எந்நேரமும் கிடைக்கும்.

சிசேரியனுக்கு நல்ல நேரம் பார்க்கலாமா?

முதலில் வாரம், பிறகு நட்சத்திரம். மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடியும் முன் செய்யக் கூடாது. பிரசவ வலியின்போது சுரக்கும் சுரப்புநீர்கள் குழந்தையின் நுரையீரலில் உள்ள நீரை வற்றச் செய்யும். வலி வராமல் 37-ஆம் வாரத்தில் எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்து தீவிர சிகிச்சையில் வைக்கும் வாய்ப்பு அதிகம். 39 வாரம் முடிந்தபின், மயக்க மருந்து மருத்துவரும் குழந்தை மருத்துவரும் இருக்கும் பகல் நேரத்தில், ராகு காலம் தவிர்த்து ஒரு மணி நேரத்தைத் தேர்வதில் யாருக்கும் கேடில்லை. அதிகாலை மூன்று மணிதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் கேடு. குழந்தையின் துடிப்பு குறைந்து அவசரமாக எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபின் பஞ்சாங்கத்தைத் திறப்பதே தவறு.

சர்க்கரை நோயாளி விரதம், நோன்பு, காவடி எடுக்கலாமா?

நோன்புக்கு ஆறேழு வாரம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். கிளைமிபிரைடு போன்ற மாத்திரையும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். அவற்றின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டும். விரல் நுனியில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ அங்கேயே நோன்பை முடித்துவிட வேண்டும். நோயாளிக்கு விலக்கு குர்ஆனிலேயே, இரண்டாம் அத்தியாயம் 184, 185 வசனங்களில் இருக்கிறது. கத்தோலிக்கத்தில் ஒருசந்தி 18 வயது முடிந்தவர் முதல் 59 வரைதான் கடமை, நோயாளிக்கு இல்லை. சமயமே திறந்து வைத்த கதவை வீம்புக்காக மூடாதீர்கள்.

திருச்செந்தூருக்குக் காவடி எடுத்து நடப்பவர்களுக்கு ஆபத்து பாதத்தில். நெடுநாள் சர்க்கரையால் உணர்ச்சி மரத்த பாதம் தார் ரோட்டின் சூட்டை அறியாது. கொப்புளம் புண்ணாகி விரலை எடுக்கும் வரை போகும். வெறுங்காலோடு நேர்ச்சை இருந்தால் கோவில் எல்லைக்குள் மட்டும் வெறுங்காலாக நடக்கலாமே. தினமும் இரவு கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

கிரகணத்தில் கர்ப்பிணி வெளியே வரலாமா, சாப்பிடலாமா?

வரலாம். சாப்பிட்டே ஆக வேண்டும். பல மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பதுதான் அவளுக்கும் கருவுக்கும் கெடுதல். கிரகணத்தில் புதிய கதிர் எதுவும் வருவதில்லை. நிலா மறைப்பதால் வரும் ஒளி குறையத்தான் செய்கிறது. கருவில் உதடு கூடுவது 4 முதல் 7 வாரத்துக்குள். எட்டாம் மாதத்தில் கத்தி எடுத்துக் காய் நறுக்கினால் உதடு பிளக்க வழியே இல்லை.

கண்ணுக்கு ஆபத்து உண்மை. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்த பிறகுதான் பார்வை மங்குவது தெரியும். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், சிடி எதுவும் காப்பாற்றாது. அட்டையில் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, நிழலில் 1 மீட்டர் தள்ளி வெள்ளைத் தாள் பிடித்தால் 9 மில்லிமீட்டர் அளவில் சூரிய பிம்பம் விழும். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியில் வளையக் கிரகணம் தெரிந்தது. 2031 மே 21 அன்று கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடந்து இன்னொன்று போகும். கிரகணத்தில் கோவில் நடை சாத்துவது கோவிலின் ஒழுங்கு. அதற்கும் அறிவியலுக்கும் வழக்கில்லை. கிரகணம் நிழலால் வருகிறது என்று ஆரியபட்டர் எழுதியது 499-ல்.

சித்திரை முதல் நாளும் மலையாளிகளின் விஷுவும் சில வருடம் ஏன் ஒரு நாள் தள்ளி வருகின்றன?

வழிபாடு எவ்வளவு தூரம் வானியலை நம்பி நிற்கிறது என்று காட்டும் கேள்வி இது. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் சீமை. கி.பி. 825-ல் தொடங்கும் கொல்லம் ஆண்டைப் பார்ப்பவர்களும் தமிழ்ப் பஞ்சாங்கம் பார்ப்பவர்களும் இங்கே ஒரே வீட்டில் உண்டு. சூரியன் மேஷத்தில் நுழையும் கணம் இருவருக்கும் ஒன்றே. சூரியன் மறைவதற்குள் நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் விதி. மலையாள வழக்கிலோ உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், அதாவது 7 மணி 12 நிமிடத்துக்குள், நுழைந்தால்தான் அன்று, இல்லாவிட்டால் மறுநாள். ஆகவே நுழைவு பகல் ஏறக்குறைய ஒன்றரைக்கும் மாலைக்கும் நடுவில் வந்தால் புத்தாண்டு ஒரு நாள், விஷுக்கணி மறுநாள். எந்தப் பஞ்சாங்கமும் தப்பில்லை, விதிதான் இரண்டு.

வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வேறுபாடு அப்படிப்பட்டதல்ல. ஒன்று பழைய வாய்பாட்டின்படி, மற்றது இன்று வானத்தில் காணும் நிலையின்படி. திதி மணிக்கணக்கில் வேறுபடும், சனிப்பெயர்ச்சி மாதக்கணக்கில்கூட வேறுபடும். சனி வானில் எங்கே நிற்கிறது என்பது தொலைநோக்கியில் பார்க்கக்கூடிய விஷயம். அதில் திருக்கணிதம்தான் சரி. இன்னொன்றும் உண்டு: பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21, நாம் விஷு கொண்டாடுவது ஏப்ரல் நடுவில். பூமியின் அச்சு 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் மெல்லச் சுழல்வதால் சேர்ந்த வித்தியாசம் இப்போது 24 பாகையைத் தொட்டிருக்கிறது. மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-ல் இதைச் சுட்டிக்காட்டியது.

கிறிஸ்தவர்களும் இதே வேலையைச் செய்தவர்களே. உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) வசந்தகாலச் சமநாளிலிருந்து நழுவிப் போனதால்தான் 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று நாட்காட்டி திருத்தப்பட்டது. பிறை பார்ப்பதிலும் அப்படியே: சூரியனிடமிருந்து நிலா ஏறக்குறைய 7 பாகை விலகும் வரை எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் பிறை தெரியாது.

அப்படியானால் ஜாதகமும் அறிவியலா?

கிரக நிலைக் கணக்கு அறிவியல். அதிலிருந்து சொல்லும் பலன் அல்ல. வானியலாளர் ஜயந்த் நார்லிகர் குழு மகாராஷ்டிரத்தில் படிப்பில் சிறந்த 100 பேர், மனவளர்ச்சி குன்றிய 100 பேர் ஜாதகங்களைத் திரட்டியது. 27 ஜோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகம் வாங்கி எது யாருடையது என்று பிரித்தார்கள். சரியானவை 46 சதவீதம். நாணயம் சுண்டியிருந்தால் 50. பொருத்தம் இல்லை என்று ஒரு நல்ல சம்பந்தத்தைத் தட்டும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

பரிணாமம் படித்தால் பிள்ளை விசுவாசத்தை விட்டுவிடுமா?

பரிணாமத்தால் விடுவதைவிட, "பாடப்புத்தகம் பொய், பரீட்சைக்கு மட்டும் எழுது" என்று பெரியவர்கள் சொல்வதால் விடுவதே அதிகம் என்பது எங்கள் கணிப்பு. கல்லூரிக்குப் போய் ஆதாரங்களைக் கண்ட பிள்ளை, பெரியவர்கள் சொன்ன மற்றதையும் சந்தேகிக்கும்.

பரிணாமக் கோட்பாடு மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று சொல்லவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை இருந்தது என்கிறது. சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. நம் இரண்டாம் குரோமோசோமில் இரண்டு பழைய குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டிய தடம் அப்படியே இருக்கிறது. கோட்பாடு என்றால் ஊகம் என்று பொருளல்ல. பல ஆதாரங்களை ஒன்றாகக் கட்டும் விளக்கம்.

கத்தோலிக்கத் திருச்சபை 1950-ல் மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றது. 1996-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அது வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்றார். மரபியலைத் தொடங்கிய மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கணக்கிட்ட லெமேத்ர் ஒரு குருவானவர். 1951-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது அதை விரும்பாதவரும் லெமேத்ரே. நாளைக்குக் கோட்பாடு மாறினால் கடவுளும் மாறுவாரா? அந்தக் குருவானவர் அஞ்சியது அதைத்தான்.

எல்லாக் கண்டுபிடிப்பும் நம் வேதத்தில் முன்பே இருக்கிறதாமே?

ஒரே சோதனைதான். கண்டுபிடிப்பதற்கு முன்பு அந்த வரியைப் படித்து யாராவது அதைச் செய்தார்களா? கண்டுபிடித்த பிறகே பொருள் தெரிந்தது என்றால், பொருளை நாம்தான் ஏற்றுகிறோம். இந்தப் பழக்கம் மூன்று மதத்திலும் உண்டு. இல்லாததைச் சொல்லிப் பெருமைப்படுவதால் இருப்பது கண்ணுக்குப் படாமல் போகிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோவில் இசைத்தூண்களைப் பாருங்கள். ஒரே கல்லில் குடைந்த மெல்லிய தூண்கள். நீளம் ஒன்றாக இருக்கும்போது பருமன் கூடினால் சுருதி ஏறும், நீளம் கூடினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்பச் சுருதி இறங்கும். அந்தச் சூத்திரத்தை எழுதாமலேயே கல்லைத் தட்டிக் காதால் கேட்டுச் செதுக்கிய கை அது. விமானம் ஓட்டியதாகச் சொல்லி அந்தக் கையைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

ராக்கெட் ஏவும் முன் விஞ்ஞானிகள் கோவிலுக்குப் போவது முரண்பாடா?

சோதனைப் பட்டியலில் ஒரு வரியையாவது அது குறைத்ததா என்று பாருங்கள். சரக்கல்விளைக்காரரான கே. சிவன் இஸ்ரோ தலைவராக இருந்தபோது 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்குகலம் நிலவில் மோதியது. குறையை யாரும் பூஜையில் தேடவில்லை. இன்ஜின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட அதிகம், இறங்கும் இடம் மிகக் குறுகல் என்று கண்டார்கள். ஐந்து இன்ஜினை நான்காக்கி, இறங்குகலத்தின் கால்களை வலுவாக்கி, இறங்கும் பரப்பை விரித்து 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-ஐ இறக்கினார்கள். கும்பிட்ட கைதான் அதையும் செய்தது.

பக்கத்துத் திருவனந்தபுரத்தின் தும்பா கடற்கரைக் கதையும் இதோடு சேர்ந்தது. பூமியின் காந்த நடுக்கோடு அருகே போவதால் அந்தக் கடற்கரை தேவைப்பட்டது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா மக்களிடம் கேட்டு, புனித மகதலா மரியா ஆலயத்தையும் தம் இல்லத்தையும் விட்டுக்கொடுத்தார். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். ஆயரைப் புகழ்வோர், வீட்டையும் கடற்கரையையும் விட்டுப் பெயர்ந்த மீனவக் குடும்பங்களையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

சுனாமி கடவுளின் தண்டனையா?

2004 டிசம்பர் 26 காலை 6.29-க்குச் சுமத்ரா அருகே 9.1 அளவில் கடலடி நிலம் பிளந்தது. ஆழ்கடலில் விமான வேகத்தில் வந்த அலை இலங்கையைச் சுற்றி வளைந்து குளச்சலையும் மணக்குடியையும் அடித்தது. அலை பாவியைத் தேடி வரவில்லை. கரையின் சரிவையும் வளைவையும் தேடி வந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவரைவிடக் குற்றவாளிகளா என்று லூக்கா 13:4-ல் இயேசு கேட்டு, இல்லை என்கிறார். பிள்ளையை இழந்த தாயிடம் தண்டனை என்று சொன்னவர்கள் அந்த வசனத்தைத் தாண்டிப் போனவர்கள். எச்சரிக்கை வந்தால் ஓட வேண்டியது உள்நாட்டு மேட்டுக்கு. கடல் திடீரென உள்வாங்கினால் எச்சரிக்கைக்காகவும் காத்திருக்க வேண்டாம். முதல் அலைக்குப் பின் பல மணி நேரம் திரும்பாதீர்கள். அடுத்த அலை பெரிதாக இருக்கலாம்.

மறைக்கல்வியிலும் சமய வகுப்பிலும் பிள்ளைகளுக்கு என்ன செய்து காட்டலாம்?

1 மீட்டர் கம்பி, தூக்குக்குண்டு, சுண்ணாம்புக் கட்டி போதும். சமதரையில் கம்பியை நட்டு, பகல் 11.45 முதல் 1 மணி வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறியுங்கள். மிகக் குட்டை நிழல் சரியாக வடக்கு தெற்காக இருக்கும். கன்னியாகுமரியில் டிசம்பர் 22 அன்று அது வடக்கே 61 சென்டிமீட்டர், ஜூன் 21 அன்று தெற்கே 27. ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் செப்டம்பர் 1-ஐ ஒட்டியும் பகல் 12.20 வாக்கில் நிழலே இருக்காது. கணக்கு பிசகினால் பெரும்பாலும் கம்பி சாய்ந்திருக்கும்; ஒரு பாகைச் சாய்வுக்கு 1.7 சென்டிமீட்டர் பிழை வரும்.

பிறகு அவர்களைக் காந்தி மண்டபத்துக்குக் கூட்டிப்போங்கள். அக்டோபர் 2 நண்பகலில் அஸ்தி வைத்த இடத்தில் ஒளி விழும்படி கட்டியிருக்கிறார்கள். அந்தச் சூரிய உயரம் ஆண்டில் இன்னொரு முறையும் வரும், மார்ச் 11 வாக்கில். அக்டோபரில் உச்சி நேரம் 12.09, மார்ச்சில் 12.30. கணக்கை முதலில் பிள்ளைகளே போட்டு எழுதி வைத்துவிட்டு உச்சி நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய் நிற்கட்டும். மேகம் மறைத்தால் மறுநாளும் போகலாம். ஒரு நாளில் அந்த உயரம் 0.4 பாகைதான் மாறும்.